குறைந்தபட்சக் கூலி: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

குறைந்தபட்சக் கூலி என்று பேச்சு எடுத்தாலே வருகிற சந்தேகங்கள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கின்றன. வேலை பார்ப்பவர்கள் கேட்கிறார்கள், ஆள் வைத்து வேலை வாங்குபவர்கள் கேட்கிறார்கள், பொருளாதாரம் படிக்கும் மாணவர்களும் கேட்கிறார்கள். கேட்டவர்களின் வார்த்தையிலேயே கேள்விகளை எடுத்து, பதிலோடு இங்கே தொகுத்திருக்கிறேன். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால்.

குறைந்தபட்சக் கூலின்னா சரியா என்ன? மாசச் சம்பளக்காரங்களுக்கும் இது உண்டா?

இதற்குக் கீழே யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று சட்டம் போடும் கோடுதான் குறைந்தபட்சக் கூலி. சில நாடுகள் மணிக்கணக்கில் போடுகின்றன, சில நாள் கணக்கில், சில மாதக் கணக்கில். மாதச் சம்பளம் வாங்குபவர் இதற்கு வெளியே போய்விடுவதில்லை. அவர் சம்பளத்தை உண்மையில் உழைத்த நேரத்தால் வகுத்துப் பார்த்தால் வரும் தொகை கோட்டுக்கு மேலே இருக்கிறதா என்பதே கேள்வி.

எதையெல்லாம் கூலியில் சேர்க்கலாம் என்பதில்தான் நாட்டுக்கு நாடு வேறுபாடு. சாப்பாடு, தங்குமிடம், டிப்ஸ் எல்லாம் இந்த இடத்தில் வருகின்றன. அமெரிக்க மத்தியச் சட்டத்தின்படி, டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி தன் கையிலிருந்து மணிக்கு 2.13 டாலர் கொடுத்தால் போதும். டிப்ஸையும் சேர்த்து 7.25 டாலரைத் தொடவில்லை என்றால் மீதியை அவர் போட வேண்டும். அந்த 2.13 என்ற எண் 1991-க்குப் பிறகு மாறவே இல்லை.

இதை முதல்ல யாரு கொண்டு வந்தாங்க? எதுக்காக?

1894-ல் நியூசிலாந்து தொழில் தகராறுகளைத் தீர்க்க ஒரு சட்டம் போட்டது. நடுவர் மன்றம் கூலியை நிர்ணயிக்கும் வழி அதில்தான் பிறந்தது. 1896-ல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா, மிகக் குறைந்த கூலிக்கு ஆட்களைப் பிழிந்த சில தொழில்களுக்குக் கூலி வாரியங்கள் அமைத்தது. பிரிட்டன் 1909-ல் அதே வழியில் நான்கு தொழில்களை எடுத்துக்கொண்டது. அதில் ஒன்று சங்கிலி செய்யும் தொழில்.

அந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கிராட்லி ஹீத் என்ற ஊரில் பெண்கள் வீட்டுக் கொல்லையில் இருந்த சிறு உலைகளில் இரும்புக் கம்பியைக் காய்ச்சி, சுத்தியலால் அடித்து, ஒவ்வொரு கண்ணியாகச் சங்கிலி செய்தார்கள். 1910-ல் வாரியம் அவர்களுக்கு மணிக்கு இரண்டரைப் பென்னி என்று நிர்ணயித்தது. முன்பு வாங்கியதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு அது. ஆனால் தொழிலாளியே எழுதிக் கொடுத்தால் புதிய கூலியைத் தள்ளிப்போடலாம் என்று சட்டத்தில் ஓர் ஓட்டை இருந்தது. முதலாளிகள் தாள்களை நீட்டிக் கையொப்பம் வாங்கினார்கள், எழுத்துத் தெரியாத பெண்கள் உட்பட. மேரி மெக்கார்த்தர் என்ற தொழிற்சங்கத் தலைவரோடு சேர்ந்து அந்தப் பெண்கள் பத்து வாரம் வேலைநிறுத்தம் செய்த பிறகுதான் சட்டம் சொன்ன கூலி கைக்கு வந்தது. சட்டம் பிறந்த நாளும் கூலி கைக்கு வந்த நாளும் வேறுவேறு என்பது இந்த விஷயத்தின் தொடக்கத்திலிருந்தே இருக்கும் சங்கதி. கீழே பல பதில்களில் இது மறுபடி வரும்.

தொகையை யார் முடிவு பண்றாங்க? ஏதாவது கணக்கு இருக்கா, இல்ல சும்மா ஒரு நம்பரா?

மூன்று வழிகள் பரவலாக உள்ளன. ஒன்று, நாடாளுமன்றமே எண்ணைச் சட்டத்தில் எழுதுவது. அமெரிக்க மத்தியச் சட்டம் இப்படித்தான். அதனால் 2009 ஜூலையில் வந்த 7.25 டாலர், விலைவாசி எவ்வளவு ஏறியும் அப்படியே நின்றுவிட்டது. இரண்டாவது, ஒரு ஆணையம் பரிந்துரைப்பது. பிரிட்டனில் முதலாளிகள் தரப்பு, தொழிலாளர் தரப்பு, சுயேச்சை நிபுணர்கள் என்று பக்கத்துக்கு மூன்று பேர் கொண்ட குழு ஆண்டுதோறும் தரவுகளைப் பார்த்துச் சொல்கிறது. மூன்றாவது, விலைவாசிக் குறியீட்டோடு கட்டிவிடுவது, விலை ஏறினால் கூலியும் தானாக ஏறும். என் எண்ணத்தில் இரண்டாவது வழியே சிறந்தது. தள்ளிப்போட முடியாது, கண்ணை மூடிக்கொண்டு ஏற்றவும் முடியாது.

எண்ணுக்குள் என்ன இருக்க வேண்டும் என்பதற்கு இந்தியாவில் 1957-ல் நடந்த 15-வது தொழிலாளர் மாநாடு ஒரு கணக்குச் சொன்னது. உழைப்பவர் ஒருவரின் வருமானத்தில் மூன்று நுகர்வு அலகு (பெரியவர் ஒருவரின் தேவை ஓர் அலகு) கொண்ட குடும்பம், அலகு ஒன்றுக்கு 2,700 கலோரி உணவு, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 72 கஜம் துணி, வீட்டு வாடகை, இவை போக எரிபொருள், விளக்கு போன்றவற்றுக்கு மொத்தத்தில் 20 சதவீதம். இதில் பிள்ளைகளின் படிப்பும் மருத்துவச் செலவும் இல்லை. அவை போன்றவற்றுக்காக இன்னும் 25 சதவீதம் சேர்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1991-ல் சொன்னது. அந்தப் பட்டியலை ஒரு முறை படித்துப் பாருங்கள், ஆடம்பரம் என்று சொல்ல ஒரு வரியும் இருக்காது.

குறைந்தபட்சக் கூலியும், வாழ்றதுக்குப் போதுமான கூலியும் ஒண்ணுதானே?

ஒன்று இல்லை. வாழப் போதுமான கூலி என்பது குடும்பச் செலவிலிருந்து மேல்நோக்கிப் போடும் கணக்கு. சட்டபூர்வமான குறைந்தபட்சம் பெரும்பாலும் பொருளாதாரம் எவ்வளவு தாங்கும் என்று பார்த்துப் போடும் சமரசம். இரண்டும் ஒரே எண்ணாக இருக்கும் நாடுகள் குறைவு. இன்னோர் அளவுகோலும் உண்டு. எல்லாருடைய சம்பளத்தையும் வரிசையாக வைத்தால் நட்ட நடுவில் நிற்பது இடைநிலைச் சம்பளம். அதில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கீழே வாங்குவதைக் குறைந்த சம்பள வேலை என்று பணக்கார நாடுகளின் புள்ளிவிவரங்கள் கணக்கிடுகின்றன. இந்த 'இடைநிலை' என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கூலியை ஏத்தினா வேலை போயிடாதா? எதுவும் விலை ஏறினா வாங்கறது குறையும்தானே?

நீண்ட காலம் பொருளாதார வகுப்புகளில் சொல்லிக் கொடுத்தது இதைத்தான். 1992 ஏப்ரலில் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம் குறைந்தபட்சக் கூலியை 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்த்தியது. பக்கத்து மாநிலமான பென்சில்வேனியா உயர்த்தவில்லை. டேவிட் கார்ட், ஆலன் குரூகர் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் எல்லைக்கு இரு பக்கமும் 410 துரித உணவகங்களில் உயர்வுக்கு முன்னும் பின்னும் ஆள் எண்ணிக்கையைக் கேட்டு ஒப்பிட்டார்கள். நியூ ஜெர்சியில் வேலை குறைந்ததற்கான அடையாளம் கிடைக்கவில்லை. அதை மறுத்து வேறு இருவர் சம்பளப் பதிவேடுகளை வைத்து எழுதினார்கள், பல ஆண்டுகள் வாதம் நடந்தது. கார்டுக்கு 2021-ல் நோபல் பரிசு கிடைத்தது. குரூகர் அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே இறந்துவிட்டார்.

ஓர் ஊரை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது என்பது நியாயமான ஆட்சேபம்தான். 2019-ல் வெளியான ஓர் ஆய்வு, 1979 முதல் 2016 வரை அமெரிக்க மாநிலங்களில் நடந்த 138 உயர்வுகளை மொத்தமாக எடுத்துக்கொண்டது. புதிய கோட்டுக்குக் கீழே மறைந்த வேலைகளின் எண்ணிக்கையும், கோட்டிலோ அதற்குச் சற்று மேலேயோ புதிதாகத் தோன்றிய வேலைகளின் எண்ணிக்கையும் ஏறக்குறைய சமமாக இருந்தன. அதாவது வேலைகள் அழியவில்லை, சம்பளம் ஏறி இடம் மாறின. மிதமான உயர்வுகளைப் பற்றி இன்று இதை நம்பிச் சொல்லலாம். 'மிதமான' என்ற சொல்லுக்கு இதில் எடை அதிகம்.

சரி, ஆனா அது எப்படி சாத்தியம்? முதலாளி நஷ்டத்துக்கா ஆள் வைப்பார்?

நஷ்டத்துக்கு இல்லை. ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு பட்டறையில் பத்துப் பேர், ஆளுக்கு நாள் கூலி நூறு. ஒவ்வொருவர் உழைப்பிலும் முதலாளிக்கு 150 வருகிறது. பதினோராவது ஆள் தேவை, ஆனால் அவர் தூரத்திலிருந்து வர வேண்டும், 110 கொடுத்தால்தான் வருவார். புதியவருக்கு 110 கொடுத்துவிட்டுப் பழையவர்களை நூறிலேயே வைத்திருக்க முடியாது, அவர்களும் கேட்பார்கள். ஆக, அந்த ஒருவரைச் சேர்க்க 110, பழைய பத்துப் பேருக்கு ஆளுக்குப் பத்து, மொத்தம் 210 கூடுதல் செலவு. வரவு 150. முதலாளி ஆளைச் சேர்க்க மாட்டார். இடம் காலியாகவே கிடக்கும்.

இப்போது சட்டம் 110 என்று கோடு போடுகிறது. பத்துப் பேருக்கும் எப்படியும் 110 கொடுத்தாக வேண்டும். இனிப் பதினோராவது ஆளால் வரும் கூடுதல் செலவு 110 மட்டுமே, வரவு 150. சேர்த்துக்கொள்வார். கூலியும் ஏறியது, ஆளும் கூடியது. முதலாளியின் லாபம் குறைந்தது, ஆனால் லாபம் இல்லாமல் போகவில்லை. ஜோன் ராபின்சன் என்ற பிரிட்டிஷ் பொருளாதார அறிஞர் 1933-லேயே இதை விளக்கிவிட்டார்.

இந்தக் கணக்கு எங்கே பொருந்தும் என்றால், கூலியை முடிவு செய்யும் பிடி முதலாளி கையில் இருக்கும் இடத்தில். ஊரில் ஒரே ஆலை என்றால்தான் அந்தப் பிடி வரும் என்று நினைக்க வேண்டாம். குழந்தையைப் பள்ளியிலிருந்து கூட்டிவர வேண்டும் என்பதால் பக்கத்து வேலையை விட முடியாதவர், அட்வான்ஸ் வாங்கிவிட்டதால் நகர முடியாதவர், அடுத்த தெருவில் என்ன கூலி என்றே தெரியாதவர், வேலை தேடும் பதினைந்து நாளுக்குச் சாப்பாட்டுக்கு வழியில்லாதவர், இவர்கள் எல்லாரும் அந்தப் பிடிக்குள்தான் இருக்கிறார்கள். 'பிடிக்கவில்லை என்றால் வேறு வேலைக்குப் போகட்டும்' என்று சொல்வதற்கு முன், அவரால் போக முடியுமா என்று கேட்க வேண்டும். குறைந்த சம்பள வேலையைப் பற்றி எனக்கு ஒரே ஒரு கேள்வி கேட்க அனுமதி என்றால் அதைத்தான் கேட்பேன்.

அந்தக் கூடுதல் பணம் எங்கிருந்துதான் வருது?

பல பைகளிலிருந்து. ஹங்கேரி மாதக் குறைந்தபட்சத்தை 25,500 ஃபோரிண்டிலிருந்து 2001-ல் 40,000 ஆகவும் 2002-ல் 50,000 ஆகவும் உயர்த்தியது. இரண்டே ஆண்டில் இரட்டிப்புக்குப் பக்கம். நிறுவனங்களின் கணக்குகளை வைத்துப் பின்னர் செய்த ஆய்வு, கூடுதல் செலவில் சுமார் 75 சதவீதத்தை விலை வழியாக வாடிக்கையாளர்களும், 25 சதவீதத்தை லாபக் குறைவு வழியாக முதலாளிகளும் ஏற்றதாகக் கண்டது. வேலை இழப்பு இருந்தது, ஆனால் சிறிது. ஏற்றுமதி செய்து வெளிநாட்டோடு போட்டி போட்ட துறைகளில்தான் அது அதிகம் தெரிந்தது, ஏனென்றால் அவர்களால் விலையை ஏற்ற முடியாது.

இன்னொரு பை கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. குறைந்த சம்பள வேலையில் ஆட்கள் வந்துவந்து போவார்கள். புதிய ஆளைத் தேடி, வேலை சொல்லிக் கொடுத்து, அவர் கை பழகும்வரை ஆகும் வீண் எல்லாம் செலவுதான். கூலி ஏறினால் ஆட்கள் நிலைக்கிறார்கள். மாநில எல்லைக்கு இரு பக்கமும் உள்ள மாவட்டங்களை ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வுகளில் இது தெளிவாகத் தெரிந்தது: ஆள் எண்ணிக்கையில் பெரிய மாற்றமில்லை, வேலையை விட்டுப் போகிறவர்கள் குறைந்தார்கள்.

எல்லாம் விலை ஏறிட்டா, ஏத்தின கூலியும் அதுலயே போயிடுமே?

போகாது. ஒரு உணவகத்தின் மொத்தச் செலவில் கூலி 30 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். எல்லா ஊழியருக்கும் 10 சதவீதம் ஏற்றி, முழுவதையும் விலையில் போட்டால்கூட விலை ஏறுவது 3 சதவீதம். அதே ஊழியர் கடைக்குப் போய் வாங்கும் பொருள்களில் பலவற்றில் குறைந்த கூலி உழைப்பின் பங்கு அதைவிடக் குறைவு. அவருக்கு 10 ஏறுகிறது, செலவு அதைவிட மிகக் குறைவாகவே ஏறுகிறது. இதில் உண்மையாகவே சுமை ஏறுவது, கூலி ஏறாமல் விலை மட்டும் ஏறும் ஓய்வூதியக்காரர்களுக்கும் வேலையில்லாதவர்களுக்கும். அவர்களுக்குத் தனியாக உதவி வேண்டும். அதை மறைத்துப் பேசுவது சரியல்ல.

அப்போ எவ்வளவு வேணும்னாலும் ஏத்தலாமே? ஒரேயடியா மூணு மடங்கு ஆக்கிட்டா என்ன?

முடியாது. மேலே போட்ட பட்டறைக் கணக்கில் ஒவ்வொருவராலும் வருவது 150. கோடு 150-ஐத் தாண்டினால் முதலாளி பதினோராவது ஆளை மட்டுமல்ல, இருக்கும் ஆட்களையும் குறைப்பார். அந்த வரம்பு எங்கே இருக்கிறது என்பது இடத்துக்கு இடம் மாறும்.

அமெரிக்கா 1938-ல் மணிக்கு 25 சென்ட் என்று முதல் தேசியக் கோட்டைப் போட்டபோது, அது தன் ஆட்சியில் இருந்த போர்ட்டோ ரிக்கோ தீவுக்கும் பொருந்தியது. பெருநிலத்தில் தாங்கக்கூடியதாக இருந்த அந்தத் தொகை, தீவில் பெரும்பாலானோர் வாங்கியதைவிட அதிகம். தையல், பூவேலைத் தொழிலில் வேலை போயிற்று. இரண்டே ஆண்டில், 1940-ல், தீவுக்கு மட்டும் தொழில்வாரியாகக் குறைந்த விகிதம் வைக்கச் சட்டத்தைத் திருத்தினார்கள். சியாட்டில் நகரத்தில் கோடு 13 டாலருக்குப் போனபோது, குறைந்த சம்பள வேலைகளில் மொத்த வேலை நேரம் சுமார் 9 சதவீதம் குறைந்ததாக 2017-ல் ஓர் ஆய்வு சொன்னது. அதே குழுவின் அடுத்த ஆய்வில், ஏற்கெனவே வேலையில் இருந்த அனுபவசாலிகள் லாபம் அடைந்தார்கள், புதிதாக நுழைபவர்களின் எண்ணிக்கைதான் குறைந்தது என்று தெரிந்தது. எப்போதும் ஆட்குறைப்பாகவே பாதிப்பு வராது, கதவு கொஞ்சம் ஒடுங்குவதாகவும் வரும்.

அதனால்தான் இடைநிலைச் சம்பளத்தோடு ஒப்பிடச் சொல்கிறேன். ஐரோப்பிய ஒன்றியம் 2022-ல் வகுத்த நெறிமுறையில் இடைநிலையில் 60 சதவீதம் என்பது ஒரு வழிகாட்டும் அளவு. பிரிட்டன் 1999-ல் 3.60 பவுண்டில் அடக்கமாகத் தொடங்கி, ஆண்டுதோறும் பார்த்துப் பார்த்து உயர்த்தி, 2024-ல் 11.44 பவுண்டோடு இடைநிலையில் மூன்றில் இரண்டு பங்கை எட்டியது. தொடங்கும் முன் பலர் எச்சரித்த பெரிய வேலையிழப்பு அங்கே வரவில்லை. கால் நூற்றாண்டு ஆயிற்று என்பது உண்மை. ஆனால் கீழே இருந்தவர்கள் உண்மையாகவே மேலே வந்தார்கள்.

பெரிய கம்பெனி தாங்கும். நாலு பேரை வெச்சுக் கடை நடத்துற நான் என்ன பண்றது?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களின் கவலை பொய்யில்லை. ஜெர்மனி 2015-ல் முதல்முறையாக நாடு முழுவதற்கும் 8.50 யூரோ என்று கோடு போட்டது. கீழ்மட்டச் சம்பளம் ஏறியது, மொத்த வேலைவாய்ப்பு குறையவில்லை. ஆனால் மிகச் சிறிய நிறுவனங்களில் சில மூடப்பட்டன, அங்கே இருந்தவர்கள் இன்னும் பெரிய, இன்னும் திறமையாக நடக்கும், கொஞ்சம் தூரத்தில் இருக்கும் நிறுவனங்களுக்கு மாறினார்கள். தொழிலாளர் பக்கம் பார்த்தால் நல்லது. மூடிய கடைக்காரர் பக்கம் பார்த்தால் அது அவர் வாழ்க்கை.

சின்னக் கடைக்காரருக்கு ஆதரவாக ஒன்று இருக்கிறது: கோடு எல்லாருக்கும் ஒன்று என்றால் போட்டியாளருக்கும் அதே செலவு. நேர்மையாகக் கொடுப்பவரை, கொடுக்காதவர் விலை குறைத்து அடிப்பதுதான் சிறு தொழிலைக் கொல்கிறது. எனவே சட்டத்தைத் தளர்த்தச் சொல்வதைவிட, எல்லாரிடமும் ஒரே மாதிரி அமல்படுத்தச் சொல்வது உங்களுக்கு லாபம். முன்கூட்டியே தேதி சொல்லிப் படிப்படியாக ஏற்றச் சொல்வதும் நியாயமான கோரிக்கை. என் ஊழியர்களை மட்டும் கோட்டுக்குக் கீழே வைக்க விடுங்கள் என்பது அப்படி இல்லை.

படிப்பு இல்லாத, திறமை தேவையில்லாத வேலைக்குக் கம்மிக் கூலிதானே நியாயம்?

படுக்கையில் விழுந்துவிட்ட ஒரு முதியவரைப் பார்த்துக்கொள்ளும் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். சில மணிக்கு ஒரு முறை அவரைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். புரட்டும்போது தோளைப் பிடித்து இழுத்தால் மூட்டு வலிக்கும், இடுப்பையும் தோளையும் ஒருசேரத் தாங்க வேண்டும். குதிகால், முதுகின் அடிப்பகுதி, இடுப்பெலும்பு ஆகிய இடங்களில் தோல் சிவந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சிவப்பை அழுத்தினால் வெளுக்கிறதா, வெளுக்காமல் அப்படியே நிற்கிறதா என்று கவனித்தால்தான் படுக்கைப்புண் வருவதை முதலிலேயே பிடிக்கலாம். இதற்குப் பல நாடுகளில் கிடைப்பது குறைந்தபட்சமோ அதற்குச் சற்று மேலோதான். திறமை இல்லாத வேலை என்று இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கூலி என்பது திறமையை அளந்து கொடுப்பது மட்டும் இல்லை என்பதற்கு வரலாற்றில் ஒரு நல்ல ஆதாரம் இருக்கிறது. 1938-ன் அமெரிக்கச் சட்டம் விவசாயம், வீட்டுவேலை, உணவகம் போன்ற பல துறைகளை வெளியே விட்டது. கறுப்பினத் தொழிலாளர்கள் அந்தத் துறைகளில்தான் அதிகம். 1966-ல் சட்டத்தைத் திருத்தி விவசாயம், உணவகம், மருத்துவமனை, பள்ளி உள்ளிட்டவற்றைச் சேர்த்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில் கறுப்பர், வெள்ளையர் வருமான இடைவெளி சுருங்கியதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இந்த ஒரு திருத்தத்தால் வந்தது என்று 2021-ல் வெளியான ஆய்வு கணித்தது. ஒரே ஆண்டில் யாருடைய திறமையும் மாறிவிடவில்லை, கோடு அவர்கள் வரை வந்தது.

முதலாளியைக் கட்டாயப்படுத்தாம, ஏழைத் தொழிலாளிக்கு அரசே பணம் கொடுத்துடலாமே?

கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். அமெரிக்கா 1975 முதல் குறைந்த வருமானத்தில் உழைப்பவர்களுக்கு வரி வழியாகப் பணம் திருப்பித் தருகிறது. குடும்பத்தில் எத்தனை பேர் என்று பார்த்துக் கொடுக்க முடிவது இதன் பலம், குறைந்தபட்சக் கூலியால் அது முடியாது. ஆனால் கூலியை முடிவு செய்யும் பிடி முதலாளி கையில் இருந்தால், அரசு பத்து கொடுக்கும்போது அவர் கூலியில் இரண்டு மூன்றைக் குறைத்துக்கொள்ள இடம் கிடைக்கும். அடியில் ஒரு கோடு இருந்தால் அந்தக் கசிவு நிற்கும். இரண்டும் சேர்ந்துதான் வேலை செய்யும், ஒன்றுக்கு ஒன்று மாற்று இல்லை.

சுவீடன், டென்மார்க்ல இந்தச் சட்டமே இல்லையாமே? அங்கே கூலி நல்லாத்தானே இருக்கு?

உண்மை. சுவீடன், டென்மார்க், நார்வே, பின்லாந்து எதிலும் நாடு முழுவதற்குமான சட்டக் குறைந்தபட்சம் கிடையாது. அங்கே தொழிற்சங்கங்களும் முதலாளிகள் சங்கங்களும் துறைவாரியாக உட்கார்ந்து ஒப்பந்தம் போடுகின்றன, பெரும்பாலான தொழிலாளர்கள் ஏதோ ஒரு ஒப்பந்தத்துக்குள் வருகிறார்கள். பல நாடுகளில் அரசு போடும் கோட்டைவிட அந்தக் கோடு உயரம். ஆகவே இதைச் சட்டம் வேண்டாம் என்பதற்கு ஆதாரமாகக் காட்டுபவர், சங்கம் வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பீஸ் ரேட்டுக்கும், ஆப்ல ஓட்டுறவங்களுக்கும் இதெல்லாம் எப்படிப் பொருந்தும்?

துண்டுக்குக் கூலி என்றால், வேகமான ஒருவரின் கையை வைத்து விகிதம் போட்டுவிட்டு மற்றவர்களைக் கோட்டுக்குக் கீழே தள்ளிவிடலாம். பிரிட்டன் இதற்கு ஒரு நல்ல விதி வைத்திருக்கிறது. சராசரித் தொழிலாளி ஒரு மணியில் செய்யும் எண்ணிக்கையை 1.2-ஆல் வகுத்து, அந்த எண்ணிக்கைக்கே மணிக் குறைந்தபட்சம் கிடைக்கும்படி விகிதம் போட வேண்டும். சராசரியாக ஒருவர் மணிக்கு 12 செய்தால், 10 செய்பவருக்கே முழுக் குறைந்தபட்சம் வந்துவிடும்.

ஆப் வேலையில் தகராறு காத்திருக்கும் நேரத்தைப் பற்றியது. ஊபர் ஓட்டுநர்கள் தொழிலாளர்களே, ஆப்பைத் திறந்து சவாரிக்குத் தயாராக இருக்கும் நேரமும் வேலை நேரமே என்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. நியூயார்க் நகரம் வேறு வழியில் போனது. ஓட்டுநர் எவ்வளவு நேரம் சும்மா நிற்கிறார் என்பதையும் கணக்கில் எடுத்து, நிமிடத்துக்கும் மைலுக்கும் குறைந்தபட்சத் தொகை 2019 முதல் அங்கே நடைமுறையில் இருக்கிறது. வண்டிகள் வெறுமனே நின்றால் நிறுவனம் அதிகம் கொடுக்க வேண்டும் என்பதால், அளவுக்கு மீறி ஆள் சேர்ப்பது குறையும். காத்திருப்பின் செலவு காத்திருக்க வைத்தவருக்கே போகிறது. இனிவரும் சட்டங்கள் பின்பற்ற வேண்டிய வழி என்று எனக்குத் தோன்றுகிறது.

சட்டம் இருக்கு, ரேட்டும் இருக்கு. கையில வர்றதில்லையே?

உலகத் தொழிலாளர் அமைப்பின் மதிப்பீட்டில், தங்களுக்கு உரிய குறைந்தபட்சத்துக்கும் கீழே வாங்குபவர்கள் உலகம் முழுக்க 26.6 கோடிப் பேர். சிலர் சட்டத்தின் எல்லைக்கு வெளியே விடப்பட்டவர்கள், சிலருக்குச் சட்டம் இருந்தும் கொடுக்கப்படவில்லை. பதிவோ ஒப்பந்தமோ இல்லாத முறைசாரா வேலையில் இருப்பவர்கள் சுமார் 200 கோடி, உலகில் உழைப்பவர்களில் பாதிக்கு மேல்.

கூலி திருட்டுப் போவது பெரும்பாலும் நேரத்தில்தான். மணிக் குறைந்தபட்சம் நூறு, எட்டு மணி வேலை, கையில் எண்ணூறு. சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் கால் மணி முன்னதாக வந்து மெஷினைத் துடைக்க வேண்டும், முடிந்த பிறகு முக்கால் மணி பெருக்கி, கணக்கு ஒப்படைத்து, சோதனை வரிசையில் நிற்க வேண்டும், மதியம் அரை மணி இடைவேளையிலும் வாடிக்கையாளரைக் கவனிக்க வேண்டும். ஆக ஒன்பதரை மணி. எண்ணூறை ஒன்பதரையால் வகுத்தால் 84 சொச்சம். சீருடைக்கும் உடைந்த பொருளுக்கும் பிடித்தம் போனால் இன்னும் கீழே. சம்பளச் சீட்டில் இந்த எதுவும் தெரியாது. அதனால் ஆய்வாளர்கள் சம்பளப் பதிவேட்டை மட்டும் பார்த்துவிட்டுப் போனால் எதையும் கண்டுபிடிக்க மாட்டார்கள். வருகை, புறப்பாடு நேரத்தைத் தொழிலாளியிடம் தனியாகக் கேட்க வேண்டும்.

தொழிலாளியே ஒத்துக்கிட்டுக் கம்மிக்கு வந்தா யாருக்கு என்ன கஷ்டம்?

சங்கிலி செய்த பெண்களிடம் வாங்கிய கையொப்பமும் இந்த 'ஒத்துக்கொள்ளல்'தான். ஒருவர் குறைவுக்கு ஒத்துக்கொண்டால், அடுத்தவர் முழுக் கூலி கேட்க முடியாது. 'அவர் வருகிறாரே' என்று பதில் வரும். அதனால்தான் பல நாடுகளில் குறைந்தபட்சத்துக்குக் கீழான ஒப்பந்தம் கையெழுத்தானாலும் செல்லாது.

இந்திய உச்ச நீதிமன்றம் 1982-ல், ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமான வேலையில் இருந்தவர்களின் வழக்கில், இதை இன்னும் ஆழமாகச் சொன்னது. குறைந்தபட்சத்துக்கும் கீழான கூலிக்கு ஒருவர் உழைக்கிறார் என்றால், அது அரசியல் சாசனத்தின் 23-வது பிரிவு தடை செய்யும் கட்டாய உழைப்பு. அடி உதையும் சட்ட மிரட்டலும் மட்டுமே கட்டாயம் ஆகாது, பசியும் வறுமையும் வேறு வழியில்லாமல் செய்வதும் கட்டாயம்தான் என்றது தீர்ப்பு. பட்டறைக் கணக்குக்குப் பிறகு நான் கேட்ட 'அவரால் போக முடியுமா' என்ற கேள்விக்கு, போக முடியாதவரின் சம்மதம் சம்மதம் ஆகாது என்று நீதிமன்றம் பதில் சொல்லியிருக்கிறது.

எனக்குக் குறையுதுன்னு சந்தேகம். கேட்டா வேலை போயிடுமோன்னு பயம். என்ன செய்யலாம்?

முதலில் யாரிடமும் சொல்லாமல் எழுதத் தொடங்குங்கள். ஒவ்வொரு நாளும் உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம், இடைவேளையில் வேலை பார்த்தால் அது, கையில் வந்த தொகை, பிடித்த தொகை, பிடித்த காரணம். ஒரு மாதம் எழுதினால் மேலே சொன்ன வகுத்தல் கணக்கை நீங்களே போட்டுவிடலாம். அன்றன்றைக்கு எழுதிய குறிப்புக்கு விசாரணையில் மதிப்பு உண்டு, நினைவிலிருந்து சொல்வதற்கு அவ்வளவு இல்லை. உங்கள் தொழிலுக்கும் பகுதிக்கும் இப்போதைய விகிதம் என்ன என்று தொழிலாளர் துறையிலோ சங்கத்திலோ கேட்டு ஒப்பிடுங்கள்.

அப்புறம், தனியாகப் போய்க் கேட்காதீர்கள். பக்கத்தில் வேலை பார்க்கும் இன்னும் இரண்டு மூன்று பேரிடம் அவர்கள் நேரத்தையும் எழுதச் சொல்லுங்கள். ஒருவர் கேட்டால் அவரை அனுப்பிவிடுவது சுலபம், நாலு பேர் ஒரே கணக்கோடு வந்தால் அவ்வளவு சுலபம் இல்லை. புகார் கொடுத்ததற்காக வேலையை விட்டு நீக்குவதைத் தடுக்கும் சட்டம் பல நாடுகளில் உண்டு, புகாருக்குக் காலக்கெடுவும் உண்டு. இரண்டையும் புகார் எழுதும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.